எந்த மேட்டையும் ஏறும் டயர்

இனி இந்த வீட்டில் தான் சொல்வதே சட்டம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுதாகரன் முடிவெடுத்தான். அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவி ஜீவராணி படிப்பிக்கப் பாடசாலைக்குப் போயிருந்தாள். அவள் இருக்கும்போது முடிவெடுக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

சட்டத்தின் முதற்பிரிவு டயரைப் பற்றியது. தலவாக்கலைக்கு மரக்கறி ஏற்றும் அவனுடைய பிக்அப் வண்டியின் நான்கு டயர்களும் தேய்ந்து, குழந்தையின் கன்னம்போல் மழுமழுத்துவிட்டன. மாற்றியே ஆகவேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். அவன் ஓடுவதெல்லாம் தார்ரோடு. அதற்குச் சாதாரண டயர் போதும் என்றது அறிவு. சேறு, சரளை, பாறை எதிலும் ஏறுகிற ‘ஆல் டெரெய்ன்’ டயரேதான் வேண்டும் என்றது ஆசை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் ஜீப்பில் அதைப் பார்த்திருந்தான். முதலை முதுகுபோலக் கட்டை கட்டையாக வெட்டு. பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. ஆண்மை என்பது ரப்பரால் ஆனது என்று நம்பும் ஆண்களில் அவனும் ஒருவன்.

ஆனால் அந்த ஆசையில் ஒரு பொறி இருந்தது. மாமனார் வீட்டுக்குப் போகாமல் தப்ப அவன் கையில் இருந்த ஒரே சாக்கு, டயர்.

மாமனார் செல்லசாமி பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், மேல்கணக்கு என்று சொல்லப்படும் பிரிவில் இருந்தார். அங்கே ஏற அவனுக்குத் தெரிந்த பாதை கல்லும் சேறுமாகச் செங்குத்தாகப் போகும். ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை. பேச ஆரம்பித்தால் தேயிலைக் கன்று நட்ட காலத்திலிருந்து வருவார். நடுவில் ‘ம்’ போடத் தவறினால், கதை புரியவில்லை என்று கருதி மறுபடியும் கன்று நடுவார். ஒரு ஞாயிறு அங்கே போனால் அந்த ஞாயிறு செத்தது. சுதாகரனுக்கோ வாரத்தில் சொந்தமாக இருந்ததே ஞாயிறு ஒன்றுதான். ஆகவே ஜீவராணி கூப்பிடும்போதெல்லாம், “இந்த டயர்ல அந்தப் பாதை ஏறாது ராணி” என்பான். அவளும் தனியாகப் போய்வருவாள்.

டயரும் வேண்டும், ஞாயிறும் வேண்டும். இரண்டையும் காப்பாற்ற அவன் போட்ட திட்டம் எளிமையானது: மேல்கணக்கைப் பற்றி யாரும் பேச்செடுக்காமல் டயரை வாங்கிவிடுவது.

இரவுச் சாப்பாட்டில் சட்டத்தை வெளியிட்டான். எதிர்ப்பு வரும் என்று மூன்று வாதங்களை உருப்போட்டு வைத்திருந்தான்.

“நல்லதுங்க, வாங்குவோம்” என்றாள் ஜீவராணி. “நானும் கடைக்கு வர்றேன்.”

உருப்போட்ட வாதங்கள் மூன்றையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினான். அந்தச் சம்மதத்தில்தான் அவனுக்குச் சந்தேகம்.

தலவாக்கலை டயர் கடையில் இக்ராம் மூன்று டயர்களை உருட்டிவந்து நிறுத்தினான்.

“இந்தா பாருங்க டீச்சர். இது ரோட்டு டயர். சத்தம் வராது, சேத்துல வழுக்கும். இது மட் டயர். சேத்தைக் கிழிச்சிட்டுப் போகும், தார்ல ஓடுனா வண்டு மாதிரி இரையும். நடுவுல இருக்கது ஆல் டெரெய்ன். ரெண்டுக்கும் சரி.”

“நடுவுல இருக்கதுதான்” என்றான் சுதாகரன் அவசரமாக.

“ஏங்க, நீங்க ஓடுறது தார்ரோடுதானே? ரோட்டு டயரே போதுமே.”

பொறியின் கதவு திறந்தது. சுதாகரன் நேராக உள்ளே நடந்தான்.

“போதுமா? மழையில மண் சரிஞ்சு கெடந்தா? தோட்டத்துல கல்லு ரோட்டுல லோடு ஏத்தணும்னா? இதப் போட்டா செங்குத்தா நிக்கிற மேடும் ஏறும். என்ன இக்ராம்?”

“போர் வீலையும் போட்டா, அண்ணன், சுவர்லயே ஏறலாம்.”

“போர் வீல்னா எது தம்பி?” என்று கேட்டாள் ஜீவராணி.

“கியருக்குப் பக்கத்துல சின்னக் குச்சி ஒண்ணு இருக்கும் டீச்சர். அதப் போட்டா நாலு சில்லும் இழுக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். பாடம் கேட்கிற பிள்ளைகள் ஆட்டுவதுபோல் அல்ல. பாடம் முடிந்தது என்று ஆசிரியர்கள் ஆட்டுவதுபோல்.

டயர் பூட்டியாயிற்று. வெள்ளை எழுத்து வெளியே தெரியும்படி பூட்டச்சொல்லி, நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்த்தான். இனி எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். சில்லுக்கொரு பழம் வைத்துப் பூசை போடாமல் புது டயரில் ஒரு லீக்ஸ் கட்டுக்கூட ஏற்றமாட்டான். அவன் அஞ்சுவது இரண்டுக்கு: ஒன்று ஜீவராணி, மற்றது தெய்வக்குற்றம்.

“டவுன் பிள்ளையார் கோயில்ல நசுக்கிருவோம் ராணி.”

“அங்க எப்படிங்க? டயர் நல்லபடியா அமைஞ்சா மேல்கணக்கு மாரியம்மனுக்குத்தான் பூசைன்னு நேர்ந்துட்டேனே. ஞாயித்துக்கிழமைக்குப் பூசாரிக்கிட்டயும் சொல்லியாச்சு.”

“மேல்கணக்கா? அங்க எப்படி…”

“செங்குத்தா நிக்கிற மேடே ஏறும்னீங்களே.”

இக்ராம் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே இறுக்கிய நட்டொன்றை மறுபடியும் இறுக்கினான்.

சனிக்கிழமை முழுவதும் சுதாகரன் சோறிறங்காமல் கிடந்தான். ஏறினால், ஆயுளுக்கும் ஞாயிறு கிடையாது. ஏறாவிட்டால், ஊரே பார்க்க வாங்கிய டயர் உதவாக்கரை, வாங்கியவன் அதைவிட. யோசித்து யோசித்து, மானத்தைவிட ஞாயிறே பெரிது என்ற முடிவுக்கு வந்தான்.

மறுநாள் மழை தூறியது. அது ஒன்றுதான் அவன் பக்கம் நின்றது. மேல்கணக்குப் பாதையின் நடுவே, பாறைக்கும் சேற்றுக்கும் இடையில் பிக்அப் திணறியபோது, வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தான். பின்சில்லுகள் சுழன்று சேற்றை வாரியிறைத்தன. வண்டி நகரவில்லை. முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டான்.

“பாத்தியா ராணி, ஏமாத்திட்டானே இக்ராம்! டயர் சரியில்ல. திரும்பிருவோம்.”

“அந்தச் சின்னக் குச்சியப் போடலியேங்க.”

“எந்தக் குச்சி?”

“இந்தக் குச்சி.” அவளே கைநீட்டி இழுத்துவிட்டாள். “இப்ப மெதுவா அழுத்துங்க.”

நன்றிகெட்ட டயர்கள்! வாங்கிவந்தவனை ஒரு பார்வை பாராமல், பாறையைக் கவ்விக் கவ்வி, அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு மேலே ஏறின.

கோயில் முன்றலில் லயத்து வீடுகளின் சனமே திரண்டு நின்றது. செல்லசாமி இரண்டு நாற்காலிகள் போட்டு, ஒன்றில் தாம் அமர்ந்து, மற்றதைக் காலியாக வைத்திருந்தார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்ததும் சுதாகரனுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் கோயிலின் மறுபக்கத்தில் நின்ற ஆட்டோ அவன் கண்ணில் பட்டது. டயர்கள் மூன்றும் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன.

“சாமி, அது யாரு ஆட்டோ?”

“நம்மளோடதுதான்” என்றார் பூசாரி, எலுமிச்சம்பழத்தைத் துடைத்தபடி.

“அந்த டயர்ல எப்படி இந்த மேடு ஏறுனீங்க?”

“நான் ஏன் அந்தப் பாதையில வர்றேன்? லிந்துலைப் பக்கமா கொங்கிரீட் ரோடு போட்டு ரெண்டு வருசமாச்சே. டீச்சர் வாரதே நம்ம ஆட்டோவுலதான். சொல்லலியா?”

மனைவி எதில் போய்வருகிறாள் என்று ஒருநாளும் கேட்டறியாத அந்த மனிதன் மெல்லத் திரும்பினான்.

“ராணி… ரோடு இருக்கா?”

“இருக்குங்க.”

“அப்ப ஏன் என்னை இந்தப் பக்கமா கூட்டிட்டு வந்த?”

“அந்தப் பக்கமா வந்திருந்தா, கொங்கிரீட்டு வெடிச்சிருச்சு, மழைக்கு வழுக்குதுன்னு ஏதாவது சொல்லுவீங்க. இப்ப இதுலயே ஏறிட்டீங்க. இனி எதைச் சொல்லுவீங்க?”

நான்கு டயர்களின் கீழும் நான்கு பழங்கள் வரிசையாக நசுங்கின. ஐந்தாவதாக நசுங்கியவனை மாமனார் கைகாட்டி அழைத்து, காலி நாற்காலியில் உட்காரவைத்தார். “அப்ப மாப்ள, தேயிலைக் கன்னு நட்ட காலத்துல…” என்று தொடங்கினார்.

ஜீவராணி தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்து, கனிவாகச் சொன்னாள்:

“அடுத்த ஞாயிறுல இருந்து அந்த ரோட்டுலயே வருவோம்ங்க. பாவம், புது டயர் தேஞ்சுறும்.”