வலது முழங்காலில் அரை அங்குலம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வலது முழங்கால் நீங்கலாக. அங்கே என் மகளும் பேத்தியும் சௌக்கியம்தானே?

பேத்தியின் பள்ளியில் தாத்தாக்களுக்கு ஓட்டப்பந்தயம் என்றதும் எனக்கே ஒரு பேண்ட் தைக்க உட்கார்ந்தேன். மடக்கி நிமிர்த்தி இரண்டு முழங்காலையும் ஒரே சமயத்தில் அளக்கலாமென்று காலுக்கொரு டேப்பாகச் சுற்றினேன். கழுத்தில் கிடக்கும் புது டேப் வலதுக்கு, வெட்டும் மேசையில் கிடக்கும் பழசு இடதுக்கு. வலது அரை அங்குலம் கூட! அன்றிலிருந்து நொண்டுகிறேன். "வீக்கம் இருந்தா ஓடாதீங்க மாமா" என்று டாக்டராகிய நீங்கள் போனில் சொன்னதும், பேத்தி பக்கத்திலிருந்து "அப்ப வேற தாத்தாவக் கூப்பிடவா?" என்றாளே, எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அதனால் கடை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற முழங்கால்களையெல்லாம் ஆராய்கிறேன். நாற்பது வருஷம் பேண்ட் தைத்தவன், முழங்காலைக் கதவுக் கீல் என்றே நினைத்திருந்தேன், வெட்கம்! அது மடங்கும்போது உருண்டு, கூடவே வழுக்கி, நிமிர்ந்து முடிகிற இடத்தில் லேசாகத் திருகியும் கொள்கிறதே? காலில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தேன், சத்தியமாக. நடக்கிறவனுக்குக் கால் ஊன்றும்போது கொஞ்சம்தான் மடங்குகிறது, ஓடுகிறவனுக்கு நன்றாக மடங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஓடினால் அடிக்கு அடி பாரம் கூட என்றீர்கள், சரி, ஆனால் அடிகள் குறையுமே? உங்கள் அத்தையைத் தெருமுனை வரை நடக்கவிட்டேன், இருநூற்றுப் பத்து அடி. ஓடவிட்டேன், நூற்று முப்பது. "முழங்கால் உங்களுக்கு, மூச்சு வாங்கறது எனக்கா?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் மொத்தப் பாரம் ஒன்றுதானா, விளக்கி எழுதுங்கள். இதற்கு நடுவே வாடிக்கையாளர்கள் வேறு, புது பேண்ட் இடுப்பில் நிற்கவில்லையாம். "இளைச்சுட்டீங்க, நல்லா சாப்பிடுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

பேத்தியிடம் மட்டும் வேறு தாத்தா வேண்டாமென்று சொல்லுங்கள், எனக்கு மனசு தாங்காது. மகளுக்கும் அவளுக்கும் என் ஆசிகள். உங்கள் கைராசி மேலும் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
நொண்டும் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை இரண்டு டேப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். பழசு இழுபட்டு நீண்டு கிடக்கிறது, இடது காலைக் குறைத்துக் காட்டியது அதுதான். முழங்கால் இரண்டும் ஒரே அளவுதான்! எழுந்து நடந்தேன், நொண்டவில்லை. பந்தயத்தில் என் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பயிற்சிக்கும் குறைவிருக்காது. மூன்று மாதமாக ஆட்களை அளந்தது புது டேப்பில், துணியை வெட்டியது பழசில். இளைத்தவர்கள் எல்லோரும் அதோ தெருமுனையில் சேர்ந்து வருகிறார்கள், பேண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.