நானூறால் வகுபடும் ஆண்டு குறித்து மைத்துனருக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதும் மடல். உங்கள் அக்கா நலமாக இருக்கிறாள். நானும் நலம் என்றே நினைக்கிறேன்; சனிக்கிழமைக்குப் பிறகு உறுதியாகத் தெரிவிக்கிறேன். நீங்களும் வீட்டில் அனைவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். அந்தப் போன் பெயருக்குத்தான் என்னுடையது. அதில் வருவதையும் போவதையும் முதலில் படிப்பவள் உங்கள் அக்கா.

லீப் ஆண்டைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை நீங்களே எழுதி, அச்சிட்டு, உறையிலிட்டு அனுப்பியிருந்தீர்கள். மிக்க நன்றி. அதை நான் பிரிக்கவில்லை. பிரிக்கவும் மாட்டேன். அலமாரியின் மேல்தட்டில் குடைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கணினியே தொழிலாக இருக்கும் உங்களுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். ஆனால் இதை நானே எழுதியாக வேண்டும்.

நூலகத்தின் மாடியில் மூத்தவர்களுக்காக நடக்கும் வகுப்பில் நானும் உங்கள் அக்காவும் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். ஒரே பேருந்தில் போகிறோம். ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். வரும் சனிக்கிழமை தேர்வு. ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா இல்லையா என்று சொல்லும் புரோகிராமை யார் துணையும் இல்லாமல் எழுத வேண்டும். தேறியவர்கள் காலை நேரத்து இரண்டாம் வகுப்புக்குப் போவார்கள். தேறாதவர்களுக்கு இதே மாலை வகுப்பு, மறுபடி முதலிலிருந்து. உங்கள் அக்கா தேறிவிடுவாள் என்பதில் எனக்கே சந்தேகம் இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். லைன் இருக்கு, லைன் இல்லை, இரண்டே பதில்தான் அவளுக்கு. பயிற்சியின் முதல் நாளே எழுதி முடித்துவிட்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் தேறாவிட்டால் அவள் காலையில் ஒரு பேருந்திலும் நான் மாலையில் இன்னொன்றிலும் போக வேண்டியதுதான். எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் எழுந்தால் நானும் எழுவேன், அவ்வளவுதான்.

என் நிலைமையைச் சொல்கிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவிலேயே என் உத்தியோகம் முழுவதும் கழிந்தது. பரிசீலனையில் உள்ளது, ஆவன செய்யப்படும், இந்த இரண்டுக்கு மேல் நான் துணிந்து எதையும் எழுதியதில்லை. இப்படிப்பட்டவன் போய் முதல் முயற்சியில் 2024 என்று தட்டினேன், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்துவிட்டது, நான் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டேன். ஆசிரியை, சின்னப் பெண்தான், வந்து பார்த்துவிட்டு நான் தட்டியது எண்ணே அல்ல, வெறும் எழுத்து, அதை எண்ணாக எடுத்துக்கொள் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்றார். இவ்வளவு பெரிய இயந்திரத்துக்கு நான் போய்ச் சொல்லியா தெரிய வேண்டும் என்று மரியாதைக்காக விட்டிருந்தேன். சரி, அதைத் திருத்தினேன். இப்போது பதில் வந்தது, பிழையில்லாத தமிழில்தான் வந்தது: 'இவ்வாண்டு லீப் ஆண்டாக இருக்கக்கூடும் எனத் தெரிகிறது, எனினும் நாட்காட்டியைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.' அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், கம்ப்யூட்டரே இப்படி மென்னு முழுங்கினா எப்படி? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

"தப்பா இருந்துட்டா?"

"தப்புன்னு சொல்லத்தானே சார் நான் இருக்கேன்!"

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அவமானம். விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், நான்கால் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு, ஆனால் நூறாலும் வகுபட்டால் அல்ல, அப்படியும் நானூறால் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டு. இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அலுவலகக் கோப்புதான் நினைவுக்கு வந்தது. எழுத்தர் ஒரு குறிப்பு எழுதுவார், மேற்பார்வையாளர் அதை மறுத்து அதற்குக் கீழே எழுதுவார், தலைமை அதிகாரி அவரை மறுத்து அதற்கும் கீழே எழுதுவார், யாருடைய குறிப்பையும் யாரும் அடிக்கக் கூடாது. அந்த முறைப்படியே நான்கை எழுத்தராகவும் நூறை மேற்பார்வையாளராகவும் நானூறைத் தலைமை அதிகாரியாகவும் அமர்த்தி ஒழுங்காக எழுதினேன். ஆசிரியை 2000 என்று கொடுத்தார். திரையில் வரிசையாக வந்தது: லீப் ஆண்டு. லீப் ஆண்டு அல்ல. லீப் ஆண்டு. அதற்கும் கீழே நாட்காட்டி வாக்கியம், அதை மட்டும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பின் பெஞ்சில் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். "என்ன சார், வீட்ல நடக்கற பேச்சை அப்படியே தட்டிட்டீங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது உங்கள் அக்கா. பேருந்திலும் விடவில்லை.

"அது அப்படியே நீங்கதாங்க. கடைக்குப் போலாம், வேணாம், சரி போலாம். நான் வேணா சொல்லித் தரட்டா?"

"வேண்டாம்."

"ஒரே ஒரு வார்த்தைதாங்க."

"அந்த ஒரு வார்த்தையும் வேண்டாம்."

மைத்துனரே, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தொடங்கும் வாக்கியங்களையெல்லாம் உங்கள் அக்காதான் முடித்து வைக்கிறாள். குறை சொல்லவில்லை; நன்றாகவே முடிக்கிறாள். இந்த ஒன்றையாவது நான் முடிக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லை. ஆகவே சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துக்கொண்டு, நானே கணினியாக உட்கார்ந்து, ஒவ்வோர் ஆண்டையும் வாய்விட்டுச் சொல்லி வகுத்துப் பார்த்தேன். உங்கள் அக்கா காய் நறுக்கிக்கொண்டே தொண்டையைக் கனைத்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

நேற்றுதான் விளங்கியது. கோப்பைக் கீழேயிருந்து மேலே அனுப்பியதுதான் பிழை. நேராகத் தலைமை அதிகாரியிடம் போயிருக்க வேண்டும். நானூறால் வகுபட்டால் லீப் ஆண்டு, கோப்பை மூடிவிட வேண்டியதுதான், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் கைவிரித்தால் மட்டும் நூறிடம். நூறால் வகுபட்டால் லீப் ஆண்டு அல்ல, அத்தோடு சரி. அதுவும் இல்லையென்றால்தான் நான்கின் பேச்சுக்கே இடம். யோசித்தால் நம் வீட்டு நடைமுறையும் இதுதான்; நானூறு உங்கள் அக்கா. நாட்காட்டி வாக்கியத்தையும் அடித்துவிட்டேன்.

ஆகவே எனக்கு யார் உதவியும் தேவையில்லை என்பதை வணக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். உங்களுக்கும் உங்கள் இல்லத்தரசிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். அவை எல்லா ஆண்டுகளுக்கும் செல்லும், லீப் ஆண்டுகள் உட்பட.

என்றும் அன்புள்ள,
அத்தான்

பின்குறிப்பு: இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்ததில் சனிக்கிழமையே வந்து போய்விட்டது. நான் தேறிவிட்டேன். 2000 கொடுத்தார்கள், ஒரே ஒரு பதில் வந்தது, லாரி ஓட்டுநர் கை தட்டினார். அடுத்து ஆசிரியை உங்கள் அக்காவின் கணினியில் 2000 கொடுத்தார். லீப் ஆண்டு. லீப் ஆண்டு அல்ல. லீப் ஆண்டு. கீழே, நாட்காட்டியைச் சரிபார்த்துக்கொள்வது நலம். எழுத்து மாறாமல் என் பழைய புரோகிராம்! பேருந்தில் கேட்டேன். "நீங்க எங்க தேறப் போறீங்க, ரெண்டு பேரும் ஒண்ணாவே மறுபடி படிக்கலாம்னுதான் உங்களோடதைப் போட்டேன். அது ஃபெயிலாகும்னு அவ்வளவு நம்பிக்கை" என்றாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இருவருமே எழவில்லை. அவள் மாலை வகுப்புக்கே பெயர் கொடுத்தாயிற்று. மாற்ற மாட்டாளாம். அவள் இல்லை என்றால் இல்லைதான். தேறியவர்கள் பத்து நாள் கழித்து இன்னொரு முறை எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதில் தவறுவது என்று தீர்மானித்துவிட்டேன். என் பழையதையே போட்டால் ஆசிரியை கண்டுபிடித்துவிடுவார்; புதிதாகத் தப்பாக எழுதலாம் என்றால், இன்று காலையிலிருந்து எப்படி எழுதினாலும் சரியாகவே வந்து தொலைக்கிறது. வேறு வழியின்றி உங்கள் உறையைப் பிரித்தேன். அதுவும் சரியாக இருக்கிறது, ஆகவே பயன்படாது. தயவுசெய்து பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் தப்பான ஒன்றை உடனே அனுப்பவும். உங்கள் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.