அரைஞாண் கயிற்றில் கார் சாவி

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தனபால், மூன்று மாதத்துக்கு முன் புதுக் கார் வாங்கினான். அன்றைக்கே சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியவன், குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை. மனைவி கிருத்திகா காலேஜில் படிக்கும்போதே லைசென்ஸ் எடுத்தவள். சாவி கேட்டால், "புது வண்டி புள்ள, மொதல்ல பழகட்டும்" என்பான்.

பழகியது அவன்தான். தீவனக் கொட்டகை முன்னால் முட்டை அட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே ரிவர்ஸ் எடுத்தான். முதல் மாதம் அட்டை சாய்ந்தது. இரண்டாம் மாதம் கொட்டகைத் தூண் சாய்ந்தது. மூன்றாம் மாதம் எதுவுமே சாயவில்லை. அன்றைக்குத்தான் கிருத்திகா வாயைத் திறந்தாள்.

"கை நல்லாப் பழகிருச்சுங்களே. இனி ஞாயித்துக்கெழமயானா பக்கத்துல இருக்கற வேலூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிரலாமுங்க."

கறிக்குழம்பு தின்றுவிட்டு அடிக்கும் ஞாயிறு தூக்கம் ஒன்றுதான் வாரத்தில் தனபால் கண்ட சுகம். அதை மாமியார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியா தொலைப்பது?

மறுநாள் வேண்டுமென்றே முட்டை நிறைந்த ஒரு அட்டையில் காரை ஏற்றினான். முப்பது முட்டையும் காலி.

"பின்னாடி ஒண்ணுமே தெரியல புள்ள!"

"கண்ணாடியப் பாருங்க."

"அதப் பாத்தா முன்னாடி தெரியல!"

"நேத்து நல்லாத்தானுங்க எடுத்தீங்க?"

"அது நேத்து!"

சனிக்கிழமை தண்ணீர்த் தொட்டியில் இடித்தான். புது பம்பரில் கோடு விழுந்ததும் அழுகையே வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "இந்தக் கைய வெச்சுட்டு உன்னய வேலூருக்குக் கூட்டிட்டுப் போவனா? நீ எனக்கு வேணுமில்ல?" என்றான்.

ஞாயிறு காலை கிருத்திகா பையோடு வந்து நின்றாள்.

"அப்ப நானே ஓட்டிட்டுப் போயிட்டு வாரனுங்க. குழம்பு அடுப்புல இருக்குது. தின்னுட்டுத் தூங்குங்க."

சாவியா, தூக்கமா? தனபால் பெருமூச்சு விட்டான். கயிற்றை அவிழ்த்தான். அவள் அட்டைகளுக்கு நடுவே ஒரே ரிவர்ஸ், ஒரே திருப்பு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜெயித்தது தான்தான் என்று கட்டிலில் சாய்ந்தான்.

போன் அடித்தது. மாமியார்.

"அத்தை, கிருத்தி கெளம்பிட்டாளுங்க. அரை மணி நேரத்துல அங்க வந்துருவா."

"அங்க யாருங்க மாப்ள இருக்கறா? நாங்க பழனிக்கு வந்து மூணு நாளாச்சு. சாவியக் குடுத்துட்டீங்களான்னு கேக்கத்தான் கூப்புட்டனுங்க."