செத்தவர் வைத்த கையெழுத்து

படிவம் நிரப்புவதில் எங்கள் அரிப்புக் கிராமத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். (உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். தலைக்கனம் இலவசமாகக் கிடைத்தது.) அந்த நினைப்பை ஒரு படகு முடித்து வைத்தது.

சந்தியோகு மாமா இறந்தபின் அவருடைய பைபர் படகை அவர் மனைவி லூர்து மாமி எனக்கு விற்றார். உரிமை என் பெயருக்கு மாறாமல் அதைக் கடலில் இறக்க முடியாது. சோளகக் காற்று அடங்கி வலையில் மீன் படத் தொடங்கியிருந்தது. ஊரே கடலில், நான் மட்டும் கரையில் நின்று வயிறெரிந்தேன்.

படிவத்தில் மாமியும் மூன்று பிள்ளைகளும் கையெழுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். எல்லோரும் ஒன்றாகக் கூடுவது முப்பத்தோராம் நாள் பூசைக்குத்தான். நானும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு, சட்டைக்குள் படிவத்தை ஒளித்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். இளைய மகள் ஜசிந்தா பார்த்த பார்வையில் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். (வெட்கங்கெட்டவன்!) மாமி மட்டும் முகம் கோணாமல் உள்ளே கொண்டுபோய் எழுதிக்கொண்டுவந்து தந்தார். நான் படித்துப் பார்க்கவில்லை. நிபுணர் அல்லவா!

இரண்டு நாள் கழித்து மன்னாரில், மீன்பிடித் திணைக்களக் கந்தோர் கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, சந்தியோகு எப்ப மோசம் போனவர்?"

"போன மாசம் செத்தவர் ஐயா."

"அப்ப முந்தநாள் கையெழுத்து வைச்சிருக்கிறாரே?"

எட்டிப் பார்த்தேன். மாமி கையெழுத்து வைக்கவேண்டிய பெட்டி வெறுமை. 'உரிமையாளர்' என்ற பெட்டியில் சந்தியோகு மாமா, முப்பத்தோராம் நாள் திகதியோடு! கிளாக்கர் மாமாவின் பழைய லைசன்ஸ் பத்திரக் கோவையை எடுத்து ஒப்பிட்டார்.

"அச்சு அசல் அவற்ற கையெழுத்துத்தான். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. இது பொலிசுக்குப் போகவேண்டிய கேஸ்."

படகு போகட்டும், மாமியையல்லவா மறியலில் கம்பி எண்ண அனுப்பப் போகிறேன்! கிளாக்கரிடம் ஒருநாள் தவணை கேட்டு, மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அந்த மனிசன் பேனை பிடிச்சதே இல்லை ஐயா," என்றார் மாமி. "இவ்வளவு வருசமும் லைசன்சுக்கெல்லாம் நான்தான் அவற்ற பேரைப் போட்டனான். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே!"

கிளாக்கர் கோவையைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் 'சரி பார்த்தேன்' என்று அவரே ஒப்பமிட்டிருந்தார். மெதுவாக அதை மூடினார்.

"அம்மா, நீங்கள் சொல்லவுமில்லை, நான் கேக்கவுமில்லை."

பழைய படிவத்தைக் கிழித்துப் புதியது தந்தார். மாமி தன் பெட்டியில் பேனையை வைத்தார். கை தானாகவே ஓடி, மறுபடியும் சந்தியோகு என்று எழுதியது. அதைப் பார்த்ததும் மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ர பேரை நான் ஒருநாளும் எழுதினதில்லைத் தம்பி."

கிளாக்கர் இன்னொரு படிவத்தையும் மைப்பெட்டியையும் நகர்த்தினார். "பெருவிரலை வையுங்கோ அம்மா, போதும்." பிள்ளைகளிடம் மறுபடி கையெழுத்து வாங்க நான்தான் ஊர் ஊராக அலைந்தேன். ஜசிந்தாவிடம் மட்டும் மூன்று தடவை போனேன். (ஒரு தடவையே போதுமாயிருந்தது.)

அடுத்த வருடம் எங்கள் கல்யாணத்தில், பதிவுக் கொப்பியில் சாட்சிக் கையெழுத்துக்காகப் பங்குச் சுவாமி பேனையை நீட்டினார். மாமி பெருவிரலை நீட்டினார். கோவிலே சிரித்தது.

இன்றும் வீட்டில் எந்தப் படிவம் நிரப்பினாலும் ஜசிந்தா கேட்பாள்: "உயிரோட இருக்கிற ஆக்கள்தானே கையெழுத்து வைக்கினம்?"