தாணு மாமாவின் காவலனைக் கொன்றது

கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவனுக்கு ஒரு வண்டி வேண்டும், நல்ல வயிறு வேண்டும். வாய் மட்டும் கொஞ்சமாக இருந்தால் போதும். எனக்கு வண்டி இரவல், வயிறு சுமார். வாய்க்குக் குறைவில்லை.

என் கல்யாணத்துக்குத் தாணு மாமாவை அழைக்கக் கொட்டாரம் போன கதை இது. மாமா, அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மாலை போட்டால்தான் மாப்பிள்ளை மேடை ஏறலாம். ஆனால் மாமா எங்கள் வீட்டுப் படி ஏறி நான்கு வருடம் ஆகியிருந்தது. காரணம், அக்காவின் கல்யாணம். அதற்கு அழைக்கப் போன அப்பா, மாமா குளித்துக்கொண்டிருந்ததால், முன்னறை நாற்காலியில் பத்திரிகையை வைத்து, "எல்லாரும் வந்திரணும்" என்று பொதுவாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். (அன்று இன்னும் பல வீடுகள் பாக்கி இருந்தன, பாவம்.)

"அத்தான் நாற்காலியைத்தான் அழைச்சாரு. வேணும்னா அது போகட்டு" என்று மாமா வீட்டிலேயே இருந்துவிட்டார். "எல்லாரும்னா அதுல அவன் இல்லியா?" என்பது அப்பாவின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் அம்மா கல்யாணம் முழுக்க அழுதாள். அக்காவின் ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அம்மாவின் மூக்கு சிவந்திருக்கும்.

"இந்த மட்டமும் என் தம்பி வரல்லன்னா நான் மண்டபத்துக்கு வர மாட்டேன்" என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள். போன் போட்டுக் கேட்டதற்கு மாமா, "தாலி கெட்டப் போறவன் வந்து கூப்பிடட்டு, பாப்போம்" என்றாராம். அந்தப் 'பாப்போம்' ஒன்றை நம்பித்தான் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்து அம்மா என்னை அனுப்பினாள். கூடவே ஓர் எச்சரிக்கை.

"அவன் கார்டு எடுப்பான். நீ தோத்துக் குடுத்திரு மக்கா. ரொம்பப் பேசாத."

கார்டு என்றால் ரம்மி இல்லை. மஸ்கட்டில் வேலை பார்த்தபோது உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரரிடம் மாமா கற்றுக்கொண்ட விளையாட்டு. பூதம், யட்சி, மந்திரவாதி என்று படம் போட்ட கார்டுகள். வீரர்களைக் களத்தில் இறக்கிச் சண்டை போட்டு எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைத் தீர்க்க வேண்டும். இடையிடையே மந்திரக் கார்டும் போடலாம். ஊருக்கு வந்து பெயின்ட் கடை வைத்த பிறகு மாமாவுக்கு ஆட ஆள் கிடைக்கவில்லை. ப்ரைமர் வாங்க வந்தவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்துவிடுவார். ஒரு கம்பெனிக்காரர் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டு, ஆர்டரைப் போனில் கேட்க ஆரம்பித்தார் என்று கேள்வி. நானோ கல்லூரி ஹாஸ்டலில் படிப்பைத் தவிர எல்லாவற்றையும் கற்றவன். இந்த விளையாட்டும் அதில் அடக்கம்.

"வந்தியா மருமவனே? தட்டை அங்கின வை. மொதல்ல ஒரு ஆட்டம் ஆடுவோம்" என்றார் மாமா.

தட்டு டிவி மேசைக்குப் போனது. அத்தை ஏத்தங்காய் சிப்ஸ் கொண்டுவந்து வைத்தாள். மாமா ஒரு கார்டை இரட்டைப் பிளாஸ்டிக் உறையோடு களத்தில் இறக்கினார். கருங்கல் காவலன்.

"இவனைத் தொட முடியாது, கேட்டியா? எழுதியிருக்கு பாரு. எதிராளி எந்த மந்திரத்தையும் இவன்மேல ஏவ முடியாது."

வாஸ்தவம்தான். நான் இடிக் கார்டைக் காவலன் பக்கம் நீட்டினேன். "ஏற்காது, எடு" என்றார் மாமா. சங்கிலிக் கார்டை நீட்டினேன். "ஏற்காது." தூக்க மந்திரமும் ஏற்கவில்லை. எனக்கு இதெல்லாம் முன்பே தெரியும். தோற்க வந்தவன் வேறென்ன செய்ய? மாமாவின் மற்ற வீரர்கள் இரண்டு பேரை மட்டும், சந்தேகம் வராமல் இருக்க, அடித்து வைத்தேன். அம்மா சொன்னபடி அழகாகத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமா சிப்ஸை மென்றுகொண்டே, "இஞ்சினீயரிங் படிச்ச மூளை இவ்வளவுதானா மக்கா?" என்றார்.

அவ்வளவுதான். அம்மா, மாலை, மண்டபம் எல்லாம் எனக்கு மறந்துவிட்டது. கையில் 'பஞ்சம்' என்றொரு கார்டு இருந்தது. அதைப் போட்டால், ஆடுகிற இருவரும் தங்கள் வீரர்களில் ஒருவனைத் தாங்களே களத்திலிருந்து கழித்துவிட வேண்டும். போட்டேன். என்னிடம் மூன்று பேர். ஒரு நோஞ்சானைக் கழித்தேன். மாமாவிடம் மிச்சம் இருந்தது காவலன் ஒருவன்தான்.

"காவலனை எடுங்க மாமா."

"என்னத்துக்கு? அவனுக்குத்தான் பாதுகாப்பு உண்டுல்லா?"

"அது நான் அவனைக் குறிச்சு மந்திரம் போட்டாத்தான். இது பொதுவாப் போட்டது."

"பொதுவான்னா அதுல அவன் இல்லியா?"

"இருக்கான். ஆனா அவனைக் குறிக்கல்ல. குறிச்சு வாறதைத்தான் பாதுகாப்பு தடுக்கும்."

"எனக்கு மனசிலாவல்ல" என்றார் மாமா.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். "செரி மாமா, காவலன் இருக்கட்டு" என்று சொல்லியிருந்தால் என் கல்யாணக் கதை இரண்டு வரியில் முடிந்திருக்கும். ஆனால் என் வாய்க்கு ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. அதுவும் பொருத்தமான உதாரணம்!

"அக்கா கல்யாணத்துக்கு அப்பா வந்து 'எல்லாரும் வந்திரணும்'னு சொல்லிட்டுப் போனாங்கள்லா? அதுல உங்களைக் குறிச்சு ஏதாவது சொன்னாங்களா? இல்ல. உங்களைத் தனியா அழைக்கவே இல்ல. சும்மா பொதுவாப் போட்டது. இதும் அப்படித்தான் மாமா!"

கதவருகே நின்ற அத்தை, "ஈஸ்வரா" என்று தலையில் கை வைத்தாள். மாமா காவலனை இரண்டு கையாலும் எடுத்துக் கழித்த கார்டுகளோடு வைத்தார்.

"இன்னொரு மட்டம் சொல்லு."

சொன்னேன். (நன்றாக விளக்கிவிட்டோம் என்ற பெருமை வேறு.)

"ஏட்டி, கேட்டியா?" என்று மாமா அத்தையைப் பார்த்துக் கத்தினார். "என்னை அழைக்கல்லன்னு அவரு பெத்த பிள்ளையே சொல்லுகான்! வண்டியை எடுல."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. அப்பா நான்கு வருடம் கட்டிக்காத்த கட்சியை நான்கு வாக்கியத்தில் காட்டிக்கொடுத்திருந்தேன். சுசீந்திரத்தில் எங்கள் வீடு வரும்வரை மாமா வண்டியில் பின்னால் இருந்து காவலனையும் பஞ்சத்தையும் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

வாசலில் தம்பியைக் கண்டதும் அம்மா ஓடி வந்தாள். மாமா நேராக உள்ளே போய், காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் காவலனையும் பஞ்சத்தையும் பரப்பினார்.

"சொல்லு மக்கா."

"அது விளையாட்டுல மாமா, சும்மா ஒரு..."

"வழுக்காத. அங்கின சொன்னதை அப்படியே சொல்லு."

சொன்னேன். அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை வாசித்தார். சந்தேகம் கேட்டார், நான் பதில் சொன்னேன். வழி சரியாக இருந்தால் விடையை மறுக்கத் தெரியாத மனிதர் அவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் என்னைப் பார்த்தார்.

"சவத்து மூதி" என்றார். பிறகு எழுந்து நின்றார். "தாணு, அண்ணைக்கு நான் ஒன்னை அழைக்கல்ல. தப்புதான். இப்ப அழைக்கேன். நீ வரணும்."

மாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாறேன் அத்தான்" என்றார். அம்மாவின் மூக்கு மறுபடி சிவந்தது. என்னை யாரும் கவனிக்கவில்லை. தோல்விக்காக அப்பாவும், காவலனுக்காக மாமாவும் முகூர்த்தம்வரை என்னோடு பேசவே இல்லை.

முகூர்த்தத்தன்று மண்டபம் நிறைய ஆள். மேளம் முழங்க மாமா மாலையோடு வந்து என் முன்னால் நின்றார். மாலை மட்டும் கழுத்துக்கு வரவில்லை.

"நீ இன்னும் என்னை அழைக்கல்லியே மருமவனே."

உண்மைதான்! கொட்டாரத்தில் தட்டை வைத்தேனே தவிர, வாயைத் திறந்து 'வாருங்கோ' என்று சொல்லவே இல்லை. இத்தனை பேசிய வாய், சொல்ல வேண்டிய அந்த ஒன்றை விட்டுவிட்டது. பெண்வீட்டார் எட்டிப் பார்க்க, மேளக்காரர் வாசிப்பை நிறுத்த, பட்டு வேட்டியில் கைகூப்பி, "தாணு மாமா, என் கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுகேன்" என்று மாலையைப் போட்டார்.

இப்போது எனக்கே பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. "யாராவது அந்த மோட்டரை நிறுத்துங்கோ, தொட்டி வழியுது" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். "பொதுவாச் சொன்னா எனக்கு ஏற்காது" என்பாள் மகள். "எனக்கும்" என்பாள் மனைவி. அப்பா பேப்பரை இறக்காமலே, "குறிச்சுச் சொல்லல்லியே" என்பார். உடனே அம்மா குறித்துச் சொல்வாள். என்னைத்தான்.