மொகஞ்சதாரோவும் மேல்மாடிக் கழிப்பறையும்

பெண் பார்க்கப் போகிறவன் அறிவைக் காட்டவே கூடாது. நான் காட்டினேன்.

மல்வேர்ன் புறநகரில் ஒரு டவுன்ஹவுஸ். பெண்ணின் பெயர் சுபாங்கி. அப்பா பிளம்பர். சரித்திரம் படித்துவிட்டுக் கோப்பிக் கடையில் வேலை செய்த எனக்கு, அவரோடு பேச ஒரு விஷயம் வேண்டுமே? இரண்டு நாள் நூலகத்தில் இருந்து, சிந்துவெளி வடிகால்களைப் (எங்கள் பேச்சில் கான்) பற்றித் தடித்த அட்டையில் குறிப்பெழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன்.

"அங்கிள், நாலாயிரம் வருசத்துக்கு முன்னமே மொகஞ்சதாரோவில வீடுகளில குளியலறை இருந்தது. கழிவுத்தண்ணி செங்கல் கானுக்குள்ளால தெருவுக்குப் போகும். கானுக்கு மூடியும் இருந்தது!"

"ஓம் தம்பி" என்று அவர் வடையை எடுத்தார்.

அடுத்த வரி மறந்துபோயிற்று. அட்டையைப் பார்க்க மேல்மாடிக் கழிப்பறைக்கு ஓடினேன். பையிலிருந்து உருவும்போது அது நழுவி நேராகக் கோப்பைக்குள் விழுந்தது. கையை விட்டு எடுத்திருக்கலாம். (புதுச் சட்டையோடு எவன் எடுப்பான்?) ஃப்ளஷ்ஷை அமுக்கினேன். அட்டை அடைத்துக்கொண்டது. பதற்றத்தில் மறுபடி அமுக்க, பிடி அப்படியே சிக்கிவிட்டது. தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்தது. மூடியைப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் என்னைப் பொருட்படுத்தவில்லை.

கீழே சுபாங்கியின் அம்மா அலறினார்: "ஐயோ, சீலிங்கால ஒழுகுது! வடைக்கு மேல!"

"தம்பி, கதவைத் திறவும்." அப்பா உள்ளே வந்தார். கோப்பைக்குப் பின்னால் குனிந்து எதையோ இரண்டு விரலால் திருகினார். தண்ணீர் நின்றது.

"இதுதான் வால்வ். மொகஞ்சதாரோவில இல்லையோ?"

பிறகு நீளக் கம்பியை விட்டு அட்டையை வெளியே இழுத்தார். போல்பொயின்ற் பேனாவால் எழுதியது. ஓர் எழுத்தும் அழியவில்லை. படிக்கட்டில் குடும்பமே நிற்க, அவர் உரத்து வாசித்தார்: "மூடிய கான். செங்கல். அங்கிளின் தொழிலைப் புகழவும். இந்த இடத்தில் சிரிக்கவும்."

நான் சிரிக்கவில்லை. அதுவரை வாய் திறக்காத சுபாங்கி படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அப்பா, உவரால ஒண்டையும் ஒளிக்கேலாது. எனக்கு ஓகே."

கல்யாணம் நடந்து பத்து வருடமாகிறது. எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் கழிப்பறைக்குப் போவதில்லை. "மொகஞ்சதாரோ போட்டு வாறன்" என்றுதான் எழும்புவார்கள். போன மாதம் பள்ளியில் சேர்ந்த என் மகள், முதல் நாளே ஆசிரியையிடம் மொகஞ்சதாரோ போக அனுமதி கேட்டிருக்கிறாள். அன்று பின்னேரமே ஆசிரியை எனக்குப் போன் எடுத்தார். பிள்ளைக்கு எத்தனை கிழமை லீவு வேண்டுமாம்?