ஸ்டூல்காரர் மாறி உட்கார்ந்த வங்கி

புதுச்சேரியில் உள்ள எல்லா அலுவலகங்களையும் வாயைத் திறக்காமலே ஜெயித்த ஒரே மனிதர் எங்கள் தெரு ஸ்டூல்காரர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் சமையல் பார்த்துவிட்டு, பென்ஷனோடு எங்கள் உப்பளம் பகுதிக்குத் திரும்பியவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

தண்ணீர் வரவில்லையா, மின் கட்டணம் தப்பாக வந்துவிட்டதா, அவரிடம் சொன்னால் போதும். மடக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், அதிகாரியின் மேஜைக்கு எதிரே விரித்து உட்கார்ந்துவிடுவார். சண்டை கிடையாது. மணி ஒன்றானதும் ஊர்க் கடைகள் கதவை அடைக்கிற மாதிரி அவர் கண்ணை அடைத்துவிடுவார். நான்கு மணி வரை குறட்டை. தண்ணீர் ஆபீசில் அந்தக் குறட்டைக்கு மூன்று ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததை நானே எண்ணினேன். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது.

சொந்த ஸ்டூல் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க சேர்ல குந்துனா அவங்க எழுப்புவாங்க சார். இது என்னுது. எவன் எழுப்புவான்?"

அவரிடம் என் வீட்டுக் கடனும் போய்ச் சேர்ந்தது. அரியாங்குப்பத்தில் வாடகைக்கு இருந்த மகள், குடும்பத்தோடு எங்களிடமே வந்துவிடட்டும் என்று கடன் வாங்கி மாடி கட்டியிருந்தேன். தவணையோ மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. வட்டி ஏறியதா என்று நாளிதழை வரி வரியாகப் பார்த்தேன், ஏறவில்லை. வங்கியில் கேட்டால், சிஸ்டம் போடுகிறது என்றார்கள். இன்னும் இரண்டு முறை ஏறினால் என் பென்ஷன் தாங்காது. மாடியை வேறு யாருக்காவது வாடகைக்கு விட வேண்டியதுதான். மகள் அதற்குள் ஜன்னல் திரைக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பேப்பரைக் குடுங்க" என்றார் ஸ்டூல்காரர்.

மனம் கேட்காமல் மதியம் நானும் போனேன். வாசலிலேயே குறட்டை கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. என் வங்கி இருப்பது முதல் மாடியில். அவர் உட்கார்ந்திருந்தது கீழ்த்தளத்தில், வேறொரு வங்கியில்!

மேலாளர் இளம்பெண். காலையிலிருந்து ஸ்டூல்காரருக்கு மூன்று காபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் "மெர்சி" என்று நன்றி சொன்னாரே தவிர, மனிதர் நகரவில்லை. வேறு வழி தெரியாமல் அந்தப் பெண் என் கணக்கு விவரத்தை முழுக்கப் படித்துவிட்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒருதரம் பிடிக்க வேண்டிய வீட்டு இன்சூரன்ஸை மாசாமாசம் பிடிச்சு, கடன்லயே சேத்துட்டாங்க சார். அதான் ஏறுது. எங்க பேங்க் இல்ல, மேல போய்க் கேளுங்க. தயவுசெஞ்சு இவரையும் கூட்டிக்கினு போங்க."

எழுப்பினேன். அவர் மாடிப்படியை ஒருதரம் பார்த்தார்.

"முட்டி வராது சார். ஸ்டூலை எடுத்துக்கினு நீங்க போங்க."

சொல்லிவிட்டு, வாழ்நாள் கொள்கையைக் கைவிட்டு, வங்கி நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணை மூடினார்.

இருபத்திரண்டு படி. மேலே போய் ஸ்டூலை விரித்து உட்கார்ந்தேன். கணக்கு விவரத்தில் அந்த இன்சூரன்ஸ் வரியை விரலால் காட்டினேன். மேல்மாடி மேலாளர் படித்தார், கணினியைத் தட்டினார், முகம் மாறியது. கீழேயிருந்து குறட்டை படியேறி வந்துகொண்டிருந்தது.

"அவரும் வருவாரா சார்?" என்று மெல்லக் கேட்டார்.

"வேலை முடிஞ்சா வரமாட்டாரு" என்றேன்.

சாயங்காலத்துக்குள் தவணை பழைய இடத்துக்கு இறங்கியது. அதிகமாகப் பிடித்ததும் திரும்பி வந்தது. கீழே வந்து, உட்கார்ந்தது தப்பான வங்கி என்று அவரிடம் சொன்னேன்.

"அதனால இன்னா சார்? வேலை ஆச்சில்ல?"

மகள் குடிவந்த அன்று, வீட்டில் ஆறு நாற்காலிகள் இருந்தும் ஸ்டூல்காரர் தன் ஸ்டூலோடுதான் வந்தார். பாயசம் நான்கு கிண்ணம், நான்கு மெர்சி. பிறகு பிரான்சில் இருக்கும் அவருடைய மகள் அவரை அங்கேயே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்று ஸ்டூலை என்னிடம் விட்டுச் சென்றார்.

எங்கள் வீட்டில் இப்போது நாற்காலி ஏழு என்றுதான் எண்ணுகிறேன். ஏழாவதில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை.